மினிமம் டியூ கட்டியும் குறையாத கார்டு கடன்: ஈரோடு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு 39 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 38,000 ரூபாய். கணவர் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். மாதம் 20,000 ரூபாய் அளவுக்கு வரும், சில மாதங்களில் குறையும். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமனாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்தபோது கார்டில் தேய்த்த பணம்தான் தொடக்கம். இன்று மூன்று கிரெடிட் கார்டுகளில் 1,92,000, 1,10,000, 68,000 என மொத்தம் 3,70,000 ரூபாய் நிற்கிறது. மூன்றுக்கும் சேர்த்து மாதம் 18,500 ரூபாய் மினிமம் டியூ (அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) கட்டிவந்தேன். கையில் பணம் இல்லாததால் மாதம் 6,000 ரூபாய்க்கு மளிகையும் கார்டிலேயே வாங்குகிறேன். பள்ளிக் கட்டணம் கட்டியதால் மூன்றாவது கார்டுக்கு இரண்டு மாதமாகப் பணம் கட்டவில்லை. வசூல் ஆட்கள் அலுவலகத்துக்கும் என் கொழுந்தனாருக்கும் போன் செய்கிறார்கள். போலீஸ் வரும் என்கிறார்கள். ஒருவர் 40 சதவீதம் கட்டினால் கணக்கை முடித்துத் தருவதாகச் சொல்கிறார். உடன் வேலை செய்பவர்கள், கடையில் கார்டைத் தேய்த்துப் பணமாக வாங்கி இன்னொரு கார்டுக்குக் கட்டச் சொல்கிறார்கள். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கினால் சட்டப்படி செல்லாது என்றும் ஒருவர் சொன்னார். மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 மாதச் சீட்டு ஒன்று கட்டுகிறேன், 13 மாதம் முடிந்துவிட்டது. லாக்கரில் 14 பவுன் நகை இருக்கிறது, மகளுக்காக வைத்திருப்பது. மூன்றாவது கார்டு இருப்பதே கணவருக்குத் தெரியாது. நான் என்ன செய்வது? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணக்குப் பிரிவில் வேலை செய்யும் உங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மற்றவர் கணக்கை நாள் முழுதும் சரிபார்க்கிறவர்கள்கூடத் தம் கடனை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க அஞ்சுவதை, வங்கியில் இருந்த காலம் முதல் பார்த்துவருகிறேன். ஆகவே முதலில் அந்தத் தாளை நானே எழுதித் தருகிறேன். நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்ட்களில் மாத வட்டி 3.5 சதவீதம் என்று அச்சாகியிருக்கிறது. 3,70,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 12,950 ரூபாய். கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது 2,331 ரூபாய். இரண்டும் சேர்ந்து 15,281 ரூபாய். நீங்கள் கட்டும் 18,500 ரூபாயில் அசலுக்குப் போய்ச் சேருவது 3,219 ரூபாய் மட்டுமே. அதே மாதம் 6,000 ரூபாய்க்கு மளிகை வாங்கியவுடன் அந்த 3,219 ரூபாயும் கரைந்து, மேற்கொண்டு 2,781 ரூபாய் கடன் ஏறிவிடுகிறது. நீங்கள் ஊதாரித்தனமாகச் செலவு செய்ததாகக் கடிதத்தில் உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கில் ஊதாரித்தனம் எங்கும் இல்லை. மாதம் 18,500 ரூபாய் கட்டுகிற ஒரு குடும்பத்தின் கடன் ஏறிக்கொண்டே போவதற்கு அந்த வட்டி விகிதம் ஒன்றே போதும்.

மளிகையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கு இது தெரிவதில்லை. கார்டில் வாங்கும் பொருளுக்கு 45 நாள், 50 நாள் வட்டியில்லை என்பது, முந்தைய பில்லை முழுவதும் கட்டியவருக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை. பழைய பாக்கி ஒரு பகுதி நின்றாலும் அந்தச் சலுகை போய்விடுகிறது. நீங்கள் இன்று வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே ஆண்டுக்கு 42 சதவீத வட்டி ஓடுகிறது. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கார்டுகளும் இன்றோடு பையிலிருந்து வெளியே வர வேண்டும். போனில் உள்ள செயலிகளில் சேமித்துவைத்திருந்தால் அங்கிருந்தும் நீக்கிவிட வேண்டும். மளிகைக்கான 6,000 ரூபாயை எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் கீழே வழி சொல்லியிருக்கிறேன்.

30 சதவீதத்துக்கு மேல் வட்டி செல்லாது என்று உங்களிடம் சொன்னவர் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. 2008-ஆம் ஆண்டு தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி இன்று வழக்காட முடியாது; அந்த நம்பிக்கையில் காத்திருக்கவும் வேண்டாம். அதே சமயம், வட்டி போடும் முறைக்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடு உண்டு. 2022-இல் வெளியிட்ட கார்டு விதிமுறைகளின்படி, கட்டப்படாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது. தாமதக் கட்டணத்தைக் கெடு நாளுக்குப் பிறகு நிற்கும் பாக்கிக்கு மட்டுமே கணக்கிட வேண்டும். அதையும் கெடு தாண்டி மூன்று நாள் ஆன பிறகே விதிக்கலாம். மூன்றாவது கார்டின் கடைசி இரண்டு ஸ்டேட்மென்ட்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை சரிபாருங்கள். பெரிய தொகை கிடைத்துவிடாது என்றாலும், தவறு இருந்தால் எழுத்தில் கேட்டுத் திருத்த வைக்கலாம்.

கடையில் கார்டைத் தேய்த்துப் பணம் வாங்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 50,000 ரூபாய்க்குத் தேய்த்தால் கடைக்காரர் 3 சதவீதமான 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். அதை இன்னொரு கார்டுக்குக் கட்டுவீர்கள். தேய்த்த கார்டில் அன்றே வட்டி தொடங்கும். அதாவது ஒரு கடனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதற்குக் கூலி கொடுக்கிறீர்கள். பொருள் வாங்காமலே வாங்கியதாகக் காட்டும் இந்தப் பரிமாற்றத்தைக் கண்டுபிடித்தால் வங்கி கார்டை முடக்கிவிடும். அதன் பிறகு பேச்சுவார்த்தைக்கு உங்களுக்கு இருக்கும் நியாயமும் பலவீனமாகிவிடும். ஆன்லைன் கடன் செயலிகளையும் இதே வரிசையில் வைக்கிறேன். மீட்டர் வட்டி, தண்டல் பக்கம் போகவே வேண்டாம். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. ஆனாலும் வாங்கிய பிறகு சட்டத்தைத் தேடி ஓடுவதைவிட வாங்காமல் இருப்பது எளிது.

இனி உங்களுக்கு உண்மையில் திறந்திருக்கும் வழிகளுக்கு வருகிறேன். அவற்றில் இரண்டு, சீட்டும் நகையும், உங்கள் கையிலேயே இருக்கின்றன.

சீட்டை முதலில் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் 13 மாதம் முடிந்து 7 மாதம் மீதி இருக்கிறது. இப்போது ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி எடுத்தால் நட்டம் என்று கடைசி வரை காத்திருக்கிறீர்கள். கார்டு கடன் இல்லாத வீட்டில் அது நல்ல புத்தி. உங்கள் வீட்டில் இன்று அது செலவு. அடுத்த ஏலத்தில் கமிஷன் உட்பட 12,000 ரூபாய் தள்ளி 88,000 ரூபாய் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 88,000 ரூபாய் 7 மாதம் கார்டில் நின்றால் வட்டியும் வரியும் சேர்ந்து 25,000 ரூபாயைத் தாண்டும். கடைசி வரை காத்திருந்தாலும் நிறுவனத்தின் கமிஷன் போகத்தான் செய்யும் என்பதால், தள்ளியதில் உண்மையான நட்டம் 12,000 ரூபாயைவிடக் குறைவே. ஆகவே எடுத்துவிடுங்கள். சீட்டை எடுக்க ஜாமீன் கேட்பார்கள். சம்பளம் வாங்கும் உடன் பணியாளர் ஒருவரோ உறவினரோ கையெழுத்திட வேண்டியிருக்கும், அதற்கு முன்கூட்டியே பேசிவையுங்கள். அது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டுதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவில்லாத சீட்டாக இருந்தால் பணத்தை விரைவில் வெளியே எடுப்பதற்கு அது இன்னும் ஒரு காரணம்.

கிடைக்கும் 88,000 ரூபாயில் 68,000 ரூபாய் நிற்கும் மூன்றாவது கார்டை முழுவதும் கட்டி முடியுங்கள். வட்டி மூன்றிலும் ஒன்றே என்பதால் எதை முதலில் அடைத்தாலும் கணக்கில் வேறுபாடு இல்லை. ஆனால் இந்தக் கார்டு இரண்டு மாதம் பாக்கி. 90 நாளைத் தாண்டினால் வங்கியின் புத்தகத்தில் வாராக்கடன் ஆகிவிடும், அந்தக் குறிப்பு உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பல ஆண்டுகள் நிற்கும். வசூல் ஆட்களின் தொல்லையும் இந்த ஒரு கார்டினால்தான். அதை அடைத்துவிட்டு மீதி 20,000 ரூபாயை மற்ற இரண்டில் ஒன்றில் கட்டினால் நிற்பது 2,82,000 ரூபாய்.

அதற்கு நகை.

நகையைப் பற்றி நான் சற்று நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது. 14 பவுன் லாக்கரில் இருக்கும்போதே 42 சதவீத வட்டி கட்டும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடகு வைப்பது அவமானம், கார்டில் கடன் நிற்பது வெளியே தெரியாது என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். நகைக்கடன் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில், முந்தானையால் பையை மூடிக்கொண்டு, தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தபடி நிற்கும் பெண்களின் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர்கள் செய்தது, அந்த வீட்டில் யாரும் செய்யத் துணியாத மிகப் பொறுப்பான காரியம். மகளுக்காக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்படியே விட்டால் அந்த 3,70,000 ரூபாய்க்கு ஓராண்டில் நீங்கள் இறைக்கும் வட்டியும் வரியும் 1,83,372 ரூபாய். நகை லாக்கரில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் மகளுக்குச் சேர வேண்டியது வட்டியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

பொதுத்துறை வங்கியிலோ உங்கள் ஊர்க் கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். தனியார் நகைக்கடன் நிறுவனங்களில் பணம் வேகமாகக் கிடைக்கும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் வட்டி ஒன்றாகவும், தவணை தவறினால் ஏறும் வட்டி வேறாகவும் இருக்கும் என்பதால் இரண்டு இடங்களில் எழுத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நகையின் மதிப்பில் முக்கால் பங்கு அளவுக்குக் கடன் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், இன்றைய தங்க விலையில் 14 பவுனையும் வைக்கத் தேவையிருக்காது. தேவைக்கு மட்டும் வையுங்கள். அதிகம் தருகிறோம் என்றாலும் 2,82,000 ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள்.

10 சதவீதத்தில் 2,82,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி 2,350 ரூபாய். இதுவரை கார்டுகளுக்குப் போன 18,500 ரூபாயில் 6,000 ரூபாயை மளிகைக்கு ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 12,500 ரூபாயை மாதந்தோறும் நகைக்கடனில் கட்டுங்கள். 7 மாதம் கழித்துச் சீட்டுத் தவணை முடிந்து 5,000 ரூபாய் விடுபடும். அதையும் சேர்த்து 17,500 ரூபாயாகக் கட்டினால், இன்றிலிருந்து சுமார் 20 மாதங்களில் நகை வீடு வந்துவிடும். கணவருக்குத் தறி வேலை குறையும் மாதங்களில் இது இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகலாம். அப்படிப் போனாலும் கணக்கு கவிழ்ந்துவிடாது. கார்டு கடனில் ஒரு மாதம் தவறினால் நடப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பல நகைக்கடன்களில் மாதத் தவணை கிடையாது. ஓராண்டு முடிவில் வட்டியும் அசலும் சேர்த்துக் கட்டினால் போதும் என்பார்கள். அது வசதிபோலத் தோன்றி, ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கத்தில் கொண்டுபோய் விடும். கடைசியில் ஏல நோட்டீஸ் வரும். ஆகவே மாதந்தோறும் பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு, சம்பளம் வந்த மறுநாளே கட்டிவிடுங்கள். மற்றொன்று, கார்டுகள் பூஜ்யத்துக்கு வந்தவுடன் வரம்பு முழுவதும் மீண்டும் திறந்துகொள்ளும். நகையும் அடகில், கார்டிலும் கடன் என்ற நிலைக்கு வந்தவர்கள் என்னிடம் வரும்போது சொல்வதற்கு என்னிடம் நல்ல வழி அதிகம் இருப்பதில்லை. கட்டிய அன்றே மூடச் சொல்லி எழுதிக்கொடுங்கள்.

பர்சனல் லோன் வாங்கி அடைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். ஆண்டுக்கு 16 சதவீதத்தில் 3,70,000 ரூபாய் 36 மாதத்துக்குக் கிடைத்தால் தவணை சுமார் 13,000 ரூபாய் வரும். கார்டோடு ஒப்பிட்டால் அதுவும் மிக நல்லது. நகை இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி அதுவே. ஆனால் இரண்டு மாதம் பாக்கி வைத்த நிலையில் உங்களுக்கு அந்த வட்டியில் யாரும் தர மாட்டார்கள். கிடைக்காத கடனுக்கு ஐந்தாறு இடங்களில் விண்ணப்பித்தால் ஒவ்வொரு விண்ணப்பமும் சிபிலில் பதிவாகி மதிப்பெண் இன்னும் குறையும். கார்டு பாக்கியை அந்த வங்கியிலேயே தவணைக் கடனாக மாற்றுவதும் ஒரு வழி. வட்டி கார்டு வட்டியில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி உண்டு, முன்கூட்டி முடித்தால் கட்டணமும் உண்டு. நகைக்கடன் கிடைக்க ஓரிரு வாரம் தாமதமாகும் என்றால் பெரிய கார்டுக்கு இதைக் கேட்டுவைக்கலாம். எல்ஐசி பாலிசி பழையதாக இருந்தால் அதன் சரண்டர் மதிப்பின் (இடையில் முடித்தால் கிடைக்கும் தொகையின்) பேரிலும் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும். உங்கள் கடிதத்தில் பாலிசி பற்றிக் குறிப்பு இல்லை, இருந்தால் நகையில் ஒரு பகுதியை வைக்காமலே தப்பிக்கலாம்.

இப்போது 40 சதவீதப் பேச்சு. கடனில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்யும் சமரசத் தீர்வு சட்டப்படி உள்ளதுதான். அதற்கான வரைமுறையை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று வெளியிட்டது. வேலை போய், விற்க ஒன்றும் இல்லாமல், நோயோடு இருப்பவருக்கு அது நேர்மையான வழி. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு 'முழுவதும் கட்டி மூடப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' என்றே வரும். சமரசம் செய்த வங்கி குறைந்தது 12 மாதங்களுக்கு உங்களுக்குப் புதிய கடன் தரக் கூடாது. அந்த அறிக்கையைப் பார்க்கும் மற்ற வங்கிகளும் தயங்கும். மகளின் கல்விக் கடனுக்கு நீங்கள் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டிய நாள் வெகு தொலைவில் இல்லை. 68,000 ரூபாயைக் கட்டச் சீட்டுப் பணம் இருக்கும்போது, 40,000 ரூபாயைச் சேமிப்பதற்காக அந்தக் கறையை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இதைப் படிக்கும் வேறு யாருக்கேனும் சமரசம்தான் வழி என்றால் அவர்களுக்காகவும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனில் பேசுபவரின் வார்த்தைக்கு மதிப்பில்லை. எவ்வளவு கட்டினால், எந்தத் தேதிக்குள் கட்டினால் கணக்கு முழுவதும் முடியும் என்று வங்கியின் பெயர் அச்சிட்ட கடிதமோ வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்த உறுதியோ கைக்கு வந்த பிறகே ஒரு ரூபாய் கட்ட வேண்டும். அதையும் அந்தக் கார்டு கணக்கில்தான் கட்ட வேண்டும், வசூல் ஆளின் ஜிபே எண்ணுக்கு ஒருபோதும் அனுப்பக் கூடாது. கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்க வேண்டும். பணம் பறிபோனதாக என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தவறியது அந்த ஜிபே எண்ணில்தான்.

போலீஸ் வரும் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். கார்டு பாக்கி ஓர் உரிமையியல் விவகாரம். கட்ட முடியாமல் போனது குற்றமல்ல, அதற்காகக் காவல் துறை கைது செய்ய முடியாது. வங்கி நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்கினால்கூட, பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. சம்பளத்தைப் பற்றுகை செய்யலாம். அதிலும் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. உங்கள் சம்பளத்தில் அதிகபட்சம் சுமார் 12,300 ரூபாய்தான் பிடிக்கலாம், அதுவும் தீர்ப்புக்குப் பிறகு. வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது. ஆனால் வசூலுக்கு வருபவர் தேதியிட்ட காசோலை கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். காசோலை பணமில்லாமல் திரும்பினால் அது செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ்க் குற்ற வழக்காகிவிடும். இன்று இல்லாத குற்றத்தை நாமே உண்டாக்கிக்கொண்டதாகும்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தினரையும் நண்பர்களையும் இழுத்து அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மீண்டும் வலியுறுத்தியிருக்கிறது. அந்த ஆள் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. உங்கள் கொழுந்தனாருக்கு வந்த அழைப்பின் தேதி, நேரம், எண் மூன்றையும் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்தவற்றையும் சேர்த்து, வங்கியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். இதை எழுதும்போதே அடுத்த மாதம் கார்டை முழுவதும் கட்டப்போவதையும் தெரிவித்துவிடுங்கள். கட்ட மறுக்கும் ஆள் அல்ல நீங்கள் என்பது கோப்பில் பதிவாகட்டும்.

வக்கீல் நோட்டீஸோ, மக்கள் நீதிமன்ற அழைப்போ வந்தால் பிரிக்காமல் வைத்துவிட வேண்டாம். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் உங்கள் சம்மதமின்றி எதுவும் முடிவாகாது. ஆனால் சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணிலும் பேசலாம். 'மஞ்சள் கடுதாசி' கொடுத்துவிடலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. திவால் மனு போட 1920-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உங்கள் மாவட்டத்துக்குப் பொருந்துகிறது என்றாலும், சொத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டிவரும் அந்த வழி, சம்பளமும் நகையும் உள்ள உங்களுக்கானது அல்ல.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப்போன விஷயம். உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நகை சட்டப்படி உங்கள் சொத்து, அதை அடகு வைக்க அவர் கையெழுத்து தேவையில்லை. ஆனால் நான் சொன்ன 20 மாதக் கணக்கை ஒருவர் மட்டும் தெரிந்துகொண்டு நடத்த முடியாது. மளிகைக்கு ரொக்கம், வேலை குறையும் மாதத்தில் எதை நிறுத்துவது, பண்டிகைக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றிலும் அவர் கேள்வி கேட்பார், நீங்கள் ஒவ்வொரு முறையும் எதையாவது சொல்லி மறைக்க வேண்டிவரும். தம்பிக்கே போன் போய்விட்ட நிலையில், அவருக்கு வேறு வாயிலிருந்து தெரிவதற்கு இன்னும் சில நாட்களே இருக்கின்றன. கடன் தொடங்கியது அவர் தந்தையின் சிகிச்சைக்காக என்பதை அவர் மறந்திருக்க மாட்டார். மாமனார் தூங்கிய பிறகு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், மூன்று ஸ்டேட்மென்ட்களையும் இந்தக் கணக்கையும் முன்னால் வைத்துச் சொல்லுங்கள். கடன் இவ்வளவு என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்குத் திகைப்பும் கோபமும்தான் வரும். எத்தனை மாதத்தில், எந்தப் பணத்தில் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்போது பேச்சு வேறு மாதிரிப் போகும். என்னிடம் தம்பதியாக வந்து உட்கார்ந்தவர்களிடம் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கார்டுகளை மூடுவது பற்றி ஒரு குறிப்பு. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி நீங்கள் எழுதினால் 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. மூன்றிலிருந்தும் நிலுவையில்லாச் சான்று வாங்கி, நகைக்கடன் ரசீதோடு ஒரே உறையில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். மூன்றாவது கார்டுக்கு எதிரே இன்னும் பாக்கி காட்டினால், சான்றின் நகலை இணைத்து சிபிலுக்கும் வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளில் அதைத் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.